சாசேஜ்: ஹலால் முத்திரையைப் பார்த்தோம், உப்பைப் பார்த்தோமா?

காலை ஏழரை மணி. பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் இன்னும் கட்டவில்லை. ஃப்ரீசரைத் திறந்தால் சிக்கன் சாசேஜ் பாக்கெட் இருக்கிறது. நான்கை எடுத்து எண்ணெயில் உருட்டி, இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கொஞ்சம் தக்காளி சாஸ் விட்டால் வேலை முடிந்தது. பிள்ளையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு வருகிறது. அம்மாவுக்கும் நிம்மதி. “கறிதானே, சத்துதானே. ஹலால் என்றும் போட்டிருக்கிறது.”

இன்று நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. ரமளானில் ஸஹருக்கு எழுந்து அவசரமாகச் சமைக்கும்போதும், விருந்தாளி திடீரென்று வந்து நிற்கும்போதும் அதே பாக்கெட்தான் கை கொடுக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பெரிய கடைகளில் மட்டும் கிடைத்த பொருள் இப்போது தெருக்கோடிக் கடையின் ஃப்ரீசரிலும் கிடைக்கிறது.

திருக்குர்ஆனின் 2:168 வசனம் உணவைப் பற்றிப் பேசும்போது ‘ஹலால்’ என்பதோடு ‘தய்யிப்’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. அனுமதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தூய்மையானதாக, நல்லதாகவும் இருக்க வேண்டும். பாக்கெட்டில் உள்ள ஹலால் முத்திரை முதல் கேள்விக்குத்தான் பதில் தருகிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் அதே பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதை எப்படிப் படிப்பது, எவ்வளவு சாப்பிடலாம், எப்படிச் சமைத்தால் கெடுதல் குறையும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். சாசேஜை வீட்டுக்குள் விடவே கூடாது என்று சொல்வது நோக்கமில்லை. எப்போதாவது சாப்பிடும் பொருளாக அது இருக்க வேண்டும் என்பதே சொல்ல வருவது.

சாசேஜ் என்றால் என்ன?

கொத்திய இறைச்சியில் உப்பும் மசாலாவும் கொழுப்பும் கலந்து குழல் போன்ற உறைக்குள் அடைத்தால் சாசேஜ். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் இறைச்சியைக் கெடாமல் வைத்திருக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளில் இது ஒன்று. இதை ஐரோப்பியர் உணவு என்று நினைக்கிறோம். ஆனால் முஸ்லிம் நாடுகளிலும் இது பழைய உணவுதான். துருக்கியில் மாட்டிறைச்சியோடு பூண்டும் சீரகமும் மிளகாயும் சேர்த்துக் காயவைக்கும் ‘சுஜுக்’, மொராக்கோ, துனீசியா, அல்ஜீரியா பகுதிகளில் ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும் செய்யும் ‘மெர்கஸ்’, லெபனானின் ‘நகானிக்’ ஆகிய எல்லாமே சாசேஜ் வகைகள்தான்.

நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சிக்கன் சாசேஜ் அவற்றிலிருந்து வேறுபட்டது. பெரிய ஆலைகளில் கோழி இறைச்சியை விழுதாக அரைத்து, தண்ணீர் அல்லது ஐஸ், எண்ணெய் அல்லது கோழிக்கொழுப்பு, மாவுச்சத்து, சோயாப் புரதம், உப்பு, மசாலா, பதப்படுத்தும் பொருள்கள் எல்லாம் கலந்து, உறையில் அடைத்து, ஆவியில் வேகவைத்துக் குளிரவைக்கிறார்கள். சில தயாரிப்புகளில் முழுச் சதைக்குப் பதிலாக, எலும்பில் ஒட்டியிருப்பதை எந்திரம் மூலம் பிரித்தெடுத்த இறைச்சியைச் சேர்ப்பார்கள். எது எவ்வளவு என்பதை அறிய ஒரு எளிய வழி உண்டு. பாக்கெட்டில் உள்ள சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும், குறைவானது பின்னால் வரும். முதல் இடத்தில் கோழி இறைச்சி இருக்கிறதா, அடுத்த இடத்திலேயே தண்ணீரும் மாவும் வருகின்றனவா என்று பாருங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம் சொல்லும் கணக்கு

பெரும்பாலான சிக்கன் சாசேஜ்களில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 12 முதல் 15 கிராம் புரதம், 12 முதல் 20 கிராம் கொழுப்பு, 600 முதல் 1000 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நீங்கள் வாங்கும் பாக்கெட்டில் சரியாக எவ்வளவு என்பதை அதன் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் புரதம். ஒரு சாசேஜ் 25 முதல் 30 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், இரண்டு சாசேஜில் கிடைப்பது 6 முதல் 9 கிராம் புரதம். ஒரு கோழி முட்டையிலேயே ஏறத்தாழ 6 கிராம் கிடைத்துவிடும். தோல் நீக்கிய பச்சைக் கோழிக்கறி 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆக, “கறிதானே, சத்துதானே” என்பது பாதிதான் சரி. பிள்ளைக்குப் புரதம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சாசேஜ் வாங்குகிறோம் என்றால், அதே பணத்தில் வாங்கும் முட்டையும் கடலையும் கோழியும் அதைவிட அதிகம் தரும். அடுத்த முறை கடையில் நிற்கும்போது பாக்கெட் விலையையும் முட்டை விலையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது உப்பு. எல்லோரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பாக்கெட்டில் ‘உப்பு’ என்று எழுதியிருக்காது, ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் இருக்கும். அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2000 மில்லிகிராம், அதாவது 2 கிராம் உப்பு. பச்சைக் கோழிக்கறியில் இயற்கையாக உள்ள சோடியத்தைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு.

வளர்ந்தவர்கள் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சமன் செய்த ஒரு தேக்கரண்டி அளவு அது. சோறு, குழம்பு, பொரியல், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் உள்ள உப்பு இதற்குள் அடங்க வேண்டும். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலில் 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 2 கிராமும், 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு 3 கிராமும்தான் மேல் எல்லை.

இப்போது முதலில் பார்த்த டிபன் பாக்ஸுக்கு வருவோம். நான்கு சாசேஜ், எடை சுமார் 110 கிராம். அதில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. இரண்டு ரொட்டித் துண்டிலும் உப்பு உண்டு, சாஸிலும் உண்டு. எல்லாம் சேர்ந்தால் மூன்று கிராமைத் தொட்டுவிடும். யு.கே.ஜி. படிக்கும் பிள்ளை அந்த நாள் முழுவதற்குமான உப்பை மதியத்துக்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடும் சோறும் குழம்பும் சிப்ஸும் எல்லாம் அதற்கு மேல்தான்.

பிள்ளைக்கு இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நாக்கு அந்த உப்புக்குப் பழகுகிறது. அப்படிப் பழகிய நாக்குக்குப் பிறகு வீட்டுக் குழம்பு சப்பென்று இருக்கும். நம் குடும்பங்களில் அத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு, நன்னிக்குச் சர்க்கரை என்பது சாதாரணமாகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது. நூற்றுக்கு 35 பேருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் உள்ளது. அடுத்த தலைமுறையின் நாக்கை எதற்குப் பழக்குகிறோம் என்று நாம்தான் யோசிக்க வேண்டும்.

கொழுப்பைப் பொறுத்தவரை, சிக்கன் சாசேஜ் என்றால் கொழுப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். தோலும் கொழுப்பும் எண்ணெயும் சேர்த்து அரைத்தது அது. அதையே மறுபடி எண்ணெயில் பொரிக்கும்போது கலோரி இன்னும் கூடுகிறது.

இளஞ்சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது?

கோழிக்கறியை வேகவைத்தால் வெள்ளையாகும். சாசேஜ் மட்டும் ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது? பெரும்பாலும் சோடியம் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் பொருள்தான் காரணம். பட்டியலில் இது ஐ.என்.எஸ். 250 என்று இருக்கும். ஐ.என்.எஸ். 251 என்பது சோடியம் நைட்ரேட்.

இதைச் சும்மா நிறத்துக்காக மட்டும் சேர்ப்பதில்லை. காற்றுப் புகாத இறைச்சியில் வளரும் ஒரு கிருமி உடலை முடக்கிப்போடும் கொடிய நஞ்சை உண்டாக்கும். அந்த நோய்க்குப் பெயர் பாட்டுலிசம். லத்தீன் மொழியில் ‘பாட்டுலஸ்’ என்றால் சாசேஜ். பழைய காலத்தில் ஐரோப்பாவில் கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டு மக்கள் இறந்ததால்தான் அந்தப் பெயர் வந்தது. அந்தக் கிருமியை நைட்ரைட் தடுக்கிறது. அந்த வகையில் அது பயனுள்ளதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நைட்ரைட் இறைச்சியின் புரதப் பொருள்களோடு சேர்ந்து, வயிற்றுக்குள்ளும் அதிகச் சூட்டில் பொரிக்கும்போதும், நைட்ரோசமைன் என்ற பொருள்களாக மாறக்கூடும். அவற்றில் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்த பிறகு, பதப்படுத்திய இறைச்சியை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது’ என்ற முதல் பிரிவில் சேர்த்தது. பெருங்குடல் புற்றுநோயோடுதான் அதற்குத் தெளிவான தொடர்பு தெரிந்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் அந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றது.

இந்தச் செய்தி அப்போது “சாசேஜும் சிகரெட்டும் ஒன்று” என்று பரவியது. அது தவறான புரிதல். ஒரே பிரிவில் இருப்பதற்குப் பொருள், ஆதாரம் இரண்டுக்கும் உறுதியாக இருக்கிறது என்பதுதான். ஆபத்தின் அளவு ஒன்று என்பதல்ல. 18 சதவீதம் என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு, 100 பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரும் நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் 5 பேர் என்பது சுமார் 6 பேர் ஆகும். ஒரு தனி மனிதருக்கு இது சிறிய கூடுதல். ஊர் முழுக்கத் தினமும் சாப்பிட்டால் பெரிய கூடுதல். 50 கிராம் என்பது வெறும் இரண்டு சாசேஜ் என்பதையும், ‘தினமும்’ என்ற சொல்லையும் நினைவில் வையுங்கள். மாதத்தில் ஓரிரு முறை சாப்பிடுபவர் பயப்பட வேண்டியதில்லை. வாரத்தில் ஐந்து நாள் டிபன் பாக்ஸில் வைப்பவர் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உப்பிட்டு, ஊறவைத்து, புகையிட்டுக் கெடாமல் வைக்கும் இறைச்சி எல்லாமே ‘பதப்படுத்திய இறைச்சி’தான். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியில் நாம் போடும் உப்புக்கண்டமும் அந்த வரையறைக்குள் வருகிறது. அதில் நாம் நைட்ரைட் சேர்ப்பதில்லை. ஆனாலும் உப்பு மிக அதிகம். அதனால் உப்புக்கண்டத்தையும் நன்றாகக் கழுவி, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கத்திரிக்காய், வாழைக்காய் போன்ற காயோடு கொஞ்சமாகச் சமைப்பதே நல்லது.

ஹலால் முத்திரைக்குப் பின்னால்

‘சிக்கன்’ என்று எழுதியிருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு.

உறை: சாசேஜின் மேல் உறை பல வகைப்படும். செல்லுலோஸ் உறை தாவரத்திலிருந்து வருவது, ஆலையிலேயே உரித்துவிடுவார்கள். கொலாஜன் உறை விலங்கின் தோலிலிருந்து எடுப்பது. அந்த விலங்கு மாடாகவும் இருக்கலாம், பன்றியாகவும் இருக்கலாம். இயற்கை உறை என்றால் ஆட்டின் குடலோ பன்றியின் குடலோ இருக்கும். உள்ளே கோழி இருந்தாலும் உறை வேறாக இருக்கலாம். ஹலால் சான்று உள்ள பாக்கெட்டை வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சேர்மானம்: ஜெலட்டின் என்று இருந்தால் எந்த விலங்கிலிருந்து என்று தெரிய வேண்டும். ஐ.என்.எஸ். 120 என்பது ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி. இதைப் பற்றி மத்ஹபுகளுக்கு இடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சில வகைகளில் ஒயின் சேர்ப்பதும் உண்டு.

பயணத்தில்: நட்சத்திர விடுதிகளின் காலை உணவு மேசையில் ‘சிக்கன் சாசேஜ்’ என்று அட்டை வைத்திருப்பார்கள். கோழி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா, பன்றி சாசேஜ் வாட்டிய அதே தட்டில், அதே இடுக்கியால் இதையும் வாட்டினார்களா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெளிவான பதில் வராவிட்டால் விட்டுவிடுவதே நல்லது. முட்டையும் இட்லியும் பக்கத்திலேயே இருக்கும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

100 கிராமில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்தால் பிரிட்டனில் அதை ‘உப்பு அதிகம்’ என்று சிவப்பு நிறத்தில் குறிக்கிறார்கள். நாமும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு, மூன்று பிராண்டுகளை ஒப்பிட்டு, சோடியமும் கொழுப்பும் குறைவாக உள்ளதை எடுங்கள்.

ஃப்ரீசரில் வைக்கும் பாக்கெட் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். கோடையில் மின்வெட்டு நேரத்தில் சில சிறிய கடைகளில் ஃப்ரீசர் உருகி மறுபடி உறையும். பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி கட்டிகட்டியாகக் கிடந்தாலோ, சாசேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருமாறி இருந்தாலோ வாங்காதீர்கள். மற்ற சாமான்களை எல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியாக இதை எடுங்கள். வீட்டில் தேவையானதை மட்டும் முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். சமையல் மேடையில் வெளியே வைத்து இளகவிடுவதும், இளகியதை மறுபடி உறையவைப்பதும் கூடாது. பிரித்த பாக்கெட்டை, அட்டையில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

‘ஏற்கெனவே வேகவைத்தது’ என்று போட்டிருந்தாலும் அப்படியே சாப்பிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-இல் லிஸ்டீரியா என்ற கிருமியால் பெரும் நோய்ப்பரவல் ஏற்பட்டது. அங்கு மக்கள் குளிர்ச்சியாகவே சாப்பிடும் ‘போலனி’ என்ற சாசேஜ் வகைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர். கர்ப்பிணியின் உடலில் புகும் இந்தக் கிருமி கருவையும் தாக்கும். ஃப்ரிட்ஜ் குளிரிலும் அது வளரும், ஃப்ரீசரிலும் சாகாது. நன்றாகச் சூடாக்கினால் செத்துவிடும். ஆகவே நடுப்பகுதி வரை ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே சாப்பிட வேண்டும்.

சமைப்பதில் நான்கு விதிகள்

ஒன்று, முதலில் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். சாசேஜை நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பும் கொழுப்பும் ஓரளவு வெளியேறும், கிருமியும் சாகும்.

இரண்டு, கருக விடாதீர்கள். கொதிக்கும் எண்ணெயில் பொரிப்பதும் நெருப்பில் கரியாக வாட்டுவதும்தான் மோசமான வழிகள். தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மிதமான தீயில் புரட்டினால் போதும். ஓரம் கருகியிருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள்.

மூன்று, உப்பை மறுபடி சேர்க்காதீர்கள். சோயா சாஸ், அஜினோமோட்டோ, சூப் கட்டி, நூடுல்ஸ் மசாலா பாக்கெட் ஆகிய எல்லாவற்றிலும் சோடியம் உண்டு. சாசேஜ் போட்ட நூடுல்ஸும் சாசேஜ் ஃப்ரைடு ரைஸும் பிள்ளைகளுக்குப் பிடித்தவைதான். ஆனால் அவற்றில் உப்பு இரண்டு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. மிளகு, பூண்டு, சீரகம், எலுமிச்சை, புதினா இவற்றால் சுவையைக் கூட்டுங்கள்.

நான்கு, சாசேஜை மசாலா போலப் பாருங்கள், கறி போல அல்ல. ஒரு பங்கு சாசேஜுக்கு நான்கு பங்கு காயோ பருப்போ இருக்கட்டும். குடைமிளகாய், தக்காளி, எலுமிச்சை போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி, நைட்ரோசமைன் உருவாவதைக் குறைக்க உதவும். காயில் உள்ள நார்ச்சத்து குடலுக்கு நல்லது.

மூன்று செய்முறைகள்

காய்கறிச் சாசேஜ் பொரியல் (நான்கு பேருக்கு): நான்கு சாசேஜை வட்டமாக நறுக்கிக் கொதிக்கவைத்து வடித்துக்கொள்ளுங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் நான்கு பல் பூண்டு, ஒரு பெரிய வெங்காயம் வதக்கி, நீளமாக அரிந்த முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் சேர்த்து அரை கிலோ போடுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் சாசேஜைச் சேர்த்து மிளகுத்தூள் தூவிப் புரட்டுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்து ருசி பாருங்கள். பெரும்பாலும் தனியாக உப்புத் தேவைப்படாது. சப்பாத்திக்குள் சுருட்டி டிபன் பாக்ஸில் வைக்கலாம்.

இஃப்தார் சுண்டல்: இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் எடுத்து உப்பில்லாமல் குக்கரில் வேகவையுங்கள். கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்து, பொடியாக நறுக்கிக் கொதிக்கவைத்த இரண்டு சாசேஜையும் கடலையையும் போட்டுப் புரட்டுங்கள். தேங்காய்த்துருவல் ஒரு கைப்பிடி, மாங்காய்த் துண்டு கொஞ்சம், மல்லித்தழை சேர்த்தால் சமோசாவும் பஜ்ஜியும் இல்லாத ஒரு நல்ல இஃப்தார். நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாத வயிற்றுக்கு உப்பும் எண்ணெயும் குறைந்த உணவே இதம். ஸஹரில் உப்பு மிகுந்த சாசேஜைத் தவிர்ப்பது நல்லது. பகலில் தாகம் எடுக்கும்.

வீட்டுச் சாசேஜ் (16 துண்டு): நம் கண் முன்னே அறுத்து, எலும்பு நீக்கிக் கொத்திய கோழிக்கறி அரை கிலோ வாங்குங்கள். தொடைக்கறி சேர்ந்திருந்தால் வறண்டுபோகாது. அதோடு இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள், சீரகத்தூள், சோம்புத்தூள் ஒவ்வொரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிப் பிழிந்த சிறிய வெங்காயம் ஒன்று, புதினா, மல்லித்தழை கொஞ்சம், பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, உப்பு முக்கால் தேக்கரண்டி சேர்த்து, ஐந்து நிமிடம் சப்பாத்தி மாவு போல நன்றாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டிப்படும். கையில் எண்ணெய் தடவி விரல் நீளத்துக்கு உருட்டி, வாட்டிய வாழையிலையில் சுருட்டி, இட்லிப் பானையில் 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஒன்றை வெட்டிப் பார்த்து, நடுவில் பச்சை நிறம் இல்லாமல் வெள்ளையாக வெந்திருந்தால் எடுத்துவிடலாம்.

இதில் உள்ள உப்பு கடைச் சாசேஜில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நைட்ரைட் இல்லாததால் இளஞ்சிவப்பாக இருக்காது, அதே காரணத்தால் நெடுநாள் தாங்கவும் செய்யாது. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். விடுமுறை நாளில் ஒருமுறை செய்து வைத்துவிட்டால், காலை ஏழரை மணி அவசரத்துக்கு இதுவும் அதே வேகத்தில் கை கொடுக்கும்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

சிறு குழந்தைகள்: ஒரு வயதுக்கு முன்பு சாசேஜ் கொடுக்கவே வேண்டாம். நான்கு ஐந்து வயது வரை, வட்டமாக நறுக்கிய சாசேஜ் தொண்டையில் மூடி போல அடைத்துக்கொள்ளும். மூச்சுத் திணறலுக்கு மிக ஆபத்தான உணவுகளில் இது ஒன்று என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2010-இல் எச்சரித்திருக்கிறது. குழந்தைக்குக் கொடுப்பதானால் முதலில் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள். ஓடிக்கொண்டோ படுத்துக்கொண்டோ சாப்பிட விடாதீர்கள்.

கர்ப்பிணிகள்: ஆவி பறக்கும் சூட்டில் சமைத்ததை மட்டும், அதுவும் எப்போதாவது.

ரத்தக்கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: கடைச் சாசேஜைத் தவிர்ப்பதே நல்லது. சிறுநீரக நோயாளிகளுக்கு உப்போடு, இதில் சேர்க்கும் பாஸ்பேட்டும் (ஐ.என்.எஸ். 450, 451, 452) கெடுதல்.

சர்க்கரை நோயாளிகள்: சாசேஜில் இனிப்பு இல்லையே என்று எண்ண வேண்டாம். மைதா ரொட்டி, பன் ஆகியவற்றோடு சேர்த்தே அது வயிற்றுக்குள் போகிறது. பதப்படுத்திய இறைச்சி அதிகம் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நீண்டகால ஆய்வுகள் காட்டியுள்ளன.

எவ்வளவு போதும்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலும், உப்பு, கொழுப்பு, சர்க்கரை மிகுந்த ஆலைத் தயாரிப்பு உணவுகளை மிகக் குறைவாகவே உண்ணச் சொல்கிறது. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டு முறை, வளர்ந்தவருக்கு இரண்டு, பிள்ளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் கவலையில்லை. மற்ற நாள்களில் டிபன் பாக்ஸுக்கு அவித்த முட்டை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, முந்தைய நாள் கோழிக்குழம்பில் உதிர்த்த கறி வைத்த சப்பாத்தி என்று எத்தனையோ இருக்கின்றன.

பிள்ளைகளிடம் “சாசேஜ் கூடாது” என்று ஒரே நாளில் பறித்தால் அழுவார்கள், பிறகு வெளியே வாங்கிச் சாப்பிடுவார்கள். நான்கை இரண்டாக்குங்கள், இரண்டோடு காயைக் கூட்டுங்கள், பிறகு வீட்டில் செய்ததை நடுவில் கலந்து வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு மாறிவிடும். கடைக்குப் போகும்போது பிள்ளையையே பாக்கெட்டைத் திருப்பிச் சோடியம் எவ்வளவு என்று படிக்கச் சொல்லுங்கள். இரண்டரையால் பெருக்கும் கணக்கை அது உங்களைவிட வேகமாகப் போட்டுவிடும்.

வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஹலாலான, தய்யிபான உணவையும் நோயில்லாத வாழ்வையும் தந்தருள்வானாக. ஆமீன்.